ஏர் இழுத்தல்: கரிசல் வட்டார மோட்டார்களில் காற்றின் ஊடுருவல் குறித்த ஓர் ஆய்வு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பண்ணைக்குட்டை ஓரத்திலும் கொல்லைப்புறத் தொட்டி ஓரத்திலும் அமர்ந்திருக்கும் மோனோபிளாக் மோட்டார்களை அவ்வப்போது பீடிக்கும் கோளாறு ஒன்று, ‘ஏர் இழுக்குது’ என்று இரண்டே சொற்களில் சொல்லப்பட்டு, அதற்கு மேல் விளக்கம் வேண்டாததாகக் கருதப்பட்டு வருகிறது. மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் மட்டும் வராது. கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காக இயங்குகிறதாயினும், ஏர் இழுத்தலுக்கெனத் தனித்துறை ஒன்று எங்கும் நிறுவப்படாத குறையை இக்கட்டுரை ஓரளவு நிரப்ப முற்படுகிறது.

கமலை இறைத்த காலத்தில் இந்நோய் இல்லை. மாடு இழுக்க, சால் தண்ணீரை மொண்டு மேலே வந்து கொட்டிய அம்முறையில் உறிஞ்சுதல் என்ற செயலே கிடையாதாகையால், காற்று புகுந்து கெடுப்பதற்கும் இடமில்லை. பம்போ, பலரும் எண்ணுவதுபோல், தண்ணீரைத் தானே இழுப்பதில்லை. அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்க, குட்டையின் மேல் கவிந்திருக்கும் காற்று தன் எடையால் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. உறிஞ்சு பம்பு ஓர் உயரத்துக்கு மேல் தண்ணீரைத் தூக்க மறுப்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் குறித்தார். மனிதர் காற்றுக்கடலின் அடியில் வாழ்கின்றனர் என்ற கருத்தை 1644இல் ஒரு கடிதத்தில் முன்வைத்து டாரிசெல்லி அதன் காரணத்தை விளக்கினார். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் திருச்சுழியில் நின்று பார்த்தால், அவ்வூராருக்கு வாய்த்த வற்றாத நீர்நிலை இந்தக் காற்றுக்கடல் ஒன்றுதான். அது தாங்கும் நீரின் உயரம் ஏறத்தாழ 34 அடி. உராய்வும் பிறவும் போக, நடைமுறையில் 20 அல்லது 25 அடிக்கு மேல் நம்புவதற்கில்லை.

காற்று நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு லேசானது ஆதலின், இம்பெல்லர் எனப்படும் சுழலி காற்றை எவ்வளவு சுற்றினாலும் பயனுள்ள உறிஞ்சல் பிறப்பதில்லை. ஆகவேதான் புனலில் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பிய பின்னரே சுவிட்சைப் போடுகின்றனர். ஊற்றிய தண்ணீர் இறங்கிவிடாமல் காப்பது, குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட்வால்வு என்னும் ஒருவழிக் கதவு.

இனி ஆய்வின் மையத்துக்கு வரலாம். டெலிவரி பைப்பில், அதாவது தண்ணீர் வெளியேறும் பக்கத்தில், ஓட்டை விழுந்தால் அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் பீய்ச்சும், மண் நனையும், இரண்டு நாளில் அங்கே புல்லும் முளைக்கும். சக்சன் பைப்பிலோ, மோட்டார் ஓடும்போது உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால், ஓட்டை வழியே எதுவும் கசியாது. காற்றுதான் சத்தமின்றி உள்ளே போகும். ஈரம் கண்ட இடமெல்லாம் கண் நின்றுவிடும் வறண்ட பூமியில், தடயமே விடாத ஒரு குற்றம் எவ்வளவு காலம் பிடிபடாமல் திரியும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, புனலைத் திறந்தபடியே நீர் நிரப்பிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அப்போது மேலே நிற்கும் நீரின் எடை குழாயை உள்ளிருந்து அழுத்துவதால், ஓடும்போது உலர்ந்திருந்த இணைப்பு வியர்க்கத் தொடங்கும். எந்த இணைப்பும் வியர்க்காமல் புனலில் மட்டம் மட்டும் இறங்கினால், பழி ஃபுட்வால்வின் மீது விழும். ஊதுபத்திப் புகையை இணைப்புகளின் அருகே கொண்டுசென்று, அது எங்கே உள்வாங்கப்படுகிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. ஆடிக் காற்றில் அது செல்லாது.

நோய்க்கான காரணங்களுள் இவ்வட்டாரத்துக்கே உரியது கரிசல் மண். மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும் அம்மண், தனக்குள் புதைக்கப்பட்ட பிவிசி பைப்பை ஆண்டுதோறும் அசைத்துக்கொண்டே இருப்பதால், காலரும் எல்போவும் மயிரிழை அளவு விட்டுக்கொடுக்கின்றன. இரண்டாவது காரணம் குட்டையே வற்றிவிடுவது. பழைய வார்ப்பிரும்பு ஃபுட்வால்வின் தோல் வாஷர் வெயிலில் காய்ந்து சுருண்டு, ஐப்பசியில் தண்ணீர் வந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்ப மறுக்கிறது. வால்வு சிறிதளவே மூழ்கியிருக்கும்போது நீர்ப்பரப்பில் சுழி விழுந்து அதன் வழியே காற்று இறங்குவதும் உண்டென்றாலும், அதை ஓட்டை என்று சொல்ல முடியாது. வால்வை ஆழத்தில் இறக்கினால் தீர்ந்தது.

பரிகாரங்களில் சைக்கிள் டியூப் தனிக் கவனம் பெறத்தக்கது. பழைய டியூபை நாடாவாகக் கிழித்து, இழுத்து இழுத்து இணைப்பின்மேல் சுற்றுவதை நகரத்து பிளம்பர்கள் ஏளனமாகப் பார்க்கின்றனர், அது நியாயமன்று. டெலிவரி பக்கம் இக்கட்டு உள்ளிருந்து தள்ளப்பட்டு நெகிழும். சக்சன் பக்கமோ, புக முயலும் காற்றே ரப்பரை ஓட்டையின்மேல் அழுத்திப் பிடிக்கிறது. சாணியைக் கரைத்து ஊற்றினால் அதன் நார் வால்வின் இடுக்கில் படிந்து அடைத்துக்கொள்வதும் இதைப்போன்ற நுட்பமே எனினும், அடுத்த முறை மோட்டார் போட்டதும் அது பயிருக்கு எருவாகப் போய்விடுகிறது. 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொருளால் ஆன டெஃப்லான் டேப், மரை ஏறும் திசையில் சுற்றப்பட்டால் மட்டுமே பயன் தரும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே உருண்டு வெளியே வந்துவிடும். பிவிசி சொல்யூஷனைப் பொறுத்தவரை, ஈரமான பைப்பில் பூசிவிட்டு உடனே தண்ணீர் விடும் அவசரமே அதன் பகை.

எல்லா இணைப்பும் இறுகி, பம்பின் சுழல்தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் கயிறும் மாற்றப்பட்ட பின்னரும் நோய் நீடிக்குமாயின், பைப் போன வழியைப் பார்க்க வேண்டும். குட்டைக் கரையின் மேடு ஏறி இறங்கி மோட்டாருக்கு வரும் பைப்பின் முதுகில், ஓட்டை எதுவும் இல்லாமலே காற்று தங்கிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் பிரிந்து வந்து அங்கேயே கூடும். கரையை வெட்டி, மோட்டாரை நோக்கிச் சீராக ஏறும்படி பைப்பை மாற்றிப் பதிப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. மெக்கானிக் இதைச் சொல்லி முடித்ததும் குட்டைக்காரர் கேட்கும் கேள்வி இவ்வட்டாரம் முழுவதும் ஒன்றாகவே இருக்கிறது: “அது கெடக்கட்டும்ணே, புது ஃபுட்வால்வு என்ன வெல வரும்?”