வெளிநாடு மாதிரியே இல்லையே!

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் பயிற்சிக்கு வந்திருக்கிறான் தூத்துக்குடிப் பையன் ஒருவன். வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் ஒரே தலைவலி. அம்மா எதிர்பார்ப்பது சீமைக் கதை. அவன் கண்ணில் படுவதோ ஊர்க் கதை.

சனிக்கிழமை கொம்யூட்டர் ரயிலில் பட்டர்வொர்த் போய், பினாங்குத் தீவுக்குப் பெர்ரி ஏறினான். பழைய பெர்ரிகள் கார்களையும் ஏற்றிச் சென்றவை. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய படகுகளில் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான் இடம். கார்க்காரர்களுக்குப் பாலம் இருக்கிறது: 1985-இல் திறந்தது 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்தது 24. "அம்மா, பையன் கப்பலில் கடல் தாண்டினான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கோ. நம்ம பழைய பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் வண்டி கிளம்பும் நேரத்துக்குள் கரை வந்துவிட்டதை மட்டும் சொல்லாதே" என்று எழுதினான்.

தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏன் என்று அறிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நடை போதும். ஒரு முனையில் 1818-இல் கட்டிய வெள்ளைவெளேர் புனித ஜார்ஜ் ஆலயம், அடுத்து குவான் யின் கோயிலின் ஊதுவத்திப் புகை, அதைத் தாண்டினால் தென்னிந்திய முஸ்லிம்கள் 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல். பக்கத்துக் குயின் தெருவில் மகா மாரியம்மன், 1833 முதல். லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் கை, நகைக்கடை, ஒலிபெருக்கியில் புதுப்படப் பாட்டு. படத்தை அனுப்பினான். "இதைப் பார்க்கவா அவ்வளவு காசு கொடுத்து பிளேன் ஏறினாய்?" என்று பதில் வந்தது.

அம்மாவை அசைத்தது நாசி கண்டார்தான். தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் சோற்றையும் கறியையும் காவடியாகத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. கடைக்காரர் தட்டில் சோற்றைக் கொட்டுகிறார், மேலே கோழி, வெண்டைக்காய். பிறகு கரண்டி ஒவ்வொரு பாத்திரமாக இறங்கி ஏறுகிறது. மீன் குழம்பின்மேல் கோழிக் குழம்பு, அதன்மேல் இன்னொன்று. 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்று சொல்லிவிட்டால் சோறு மூழ்கும்வரை ஓயாது. மீன் கரண்டியைக் கறிச்சட்டியில் வைத்தாலே வீட்டில் கலவரம் நடக்கும். "அதையும் தின்றாயா?" என்றார் அம்மா. இரண்டு தட்டு என்பதை அவன் எழுதவில்லை, நல்ல முடிவு.

ஞாயிறு எதிர்த்திசை ரயில், அடுத்த நிலையம் புக்கிட் மெர்தாஜாம். மலையடிவாரத்தில் புனித அன்னம்மாள் ஆலயம்; 1888-இல் கட்டிய பழைய கோயிலும் 2002-இல் திறந்த பெரிய கோயிலும் ஒரே வளாகத்தில். மெழுகுவத்தி ஏற்ற வருகிறவர்களில் சீனர்களும் இந்துக்களும் உண்டு. தமிழ்த் திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் பாட்டிக்குத் தனியாக ஒரு பத்தி எழுதினான்: அன்னம்மாள் நம்ம மாதாவைப் பெற்றவர், ஜூலை 26 பெருவிழாவுக்கு லட்சம் பேருக்குமேல் கூடுகிறார்கள், தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குக் கொடி ஏறுவதும் அதே நாள்.

"பெத்தவளுக்கும் மகளுக்கும் ஒரே நாளில் திருவிழா வைத்தால் நான் எதற்குப் போவது?" என்று பாட்டி கேட்டிருக்கிறார். அத்தோடு பாஸ்போர்ட்டுக்கு எத்தனை போட்டோ வேண்டும் என்றும்.