யாரு படிச்ச லாக்கு, மாப்ள?

உக்காரு மாப்ள. மொதல்ல அந்தப் போனக் கவுத்து வை. திரும்பத் திரும்பப் படிச்சா மட்டும் அந்த மெயிலு மாறிடப் போவுதா? "தரவுகளை ஆய்வு செய்ததில் இயக்கியவரின் தவறே காரணம், வாரண்டி பொருந்தாது." பத்து லிட்டர் டாங்கியோட பறந்த ட்ரோன் வண்டி சம்பா வயல்ல குப்புறக் கவுந்து கெடக்கு, கம்பெனிக்காரன் அதுக்குச் செலவழிச்சது ஒத்த வரி. கெட்டிக்காரன்.

விக்க வந்தப்ப எத்தன வரி பேசினான்! மரத்தக் கண்டா தானே ஒதுங்கும், கம்பியக் கண்டா தானே நிக்கும், சின்னப் புள்ளகூட ஓட்டலாம்னான். நீயும் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு நின்ன. விக்கும்போது வண்டிக்கு மூள இருந்துச்சு. விழுந்ததும் உனக்கு மூள இல்லன்னு ஆயிடுச்சு.

அது கெடக்கட்டும். 'தரவு'ங்கிறானே, அது யாரு கொடுத்தது? நீதான். மெமரி கார்டோட பொட்டியக் கட்டி கூரியர்ல போட்டியே, ஒரு நகல் எடுத்து வச்சியா? பொண்ணு வீட்டு ஜோசியருகிட்டயே ரெண்டு ஜாதகத்தையும் கொடுத்து 'நல்லாப் பாருங்க'ன்னுட்டு வந்த ஆளுடா நீ.

அந்த வண்டி நொடிக்குப் பல தடவ எல்லாத்தையும் எழுதி வைக்குது, அதுதான் லாக்கு. ரிமோட்டுக் குச்சிய நீ எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளின, எந்த மோட்டாருக்கு எவ்வளவு வேகம் கேட்டுச்சு, பேட்டரி வோல்டேஜ் எங்கேருந்து எங்க எறங்குச்சு, எத்தன சேட்டிலைட்டு கெடச்சுது, காம்பஸ் தடுமாறுச்சா, எல்லாம் அதுல இருக்கு. அதுல நீ பாக்க வேண்டியது எது முன்னாடி, எது பின்னாடிங்கிற ஒண்ணுதான். கம்பில பட்டு விழுந்திருந்தா அதுவரைக்கும் எல்லாக் கோடும் ஒழுங்கா ஓடியிருக்கும். திடீர்னு ஒரு குலுக்கல் விழும், அதுக்கப்புறந்தான் மோட்டாரு தாறுமாறாப் போவும். மோட்டாரோ, அதுக்குக் கரண்ட அளந்து விடுற ஈ.எஸ்.சி.யோ முன்னாடியே செத்திருந்தா வேற மாதிரி இருக்கும். உன் குச்சி நடுவுல சிவனேன்னு நிக்கும். வண்டி ஒரு மூலையில சாயும். அந்த மூலை மோட்டார 'ஓடு, ஓடு'ன்னு முழு வேகத்துக்கு வெரட்டும், அது ஓடாது, வண்டி அந்தப் பக்கமே எறங்கிக்கிட்டுப் போவும். குலுக்கல் கடைசியிலதான் வரும். அப்படி இருந்தா கம்பி மேலயும் பழி போட முடியாது, உன் மேலயும் போட முடியாது.

வாரண்டி சீட்டுல 'விழுந்து ஒடிஞ்சதுக்கு வாரண்டி கெடையாது'ன்னு போட்டிருக்கான். போடட்டும், அது நியாயந்தான். ஆனா நீ கேக்கறது ஏன் விழுந்துச்சுன்னு. மோட்டாரு கெட்டதால விழுந்திருந்தா, ஒடிஞ்சதும் அந்தக் குத்தத்துக்குள்ளதான் அடக்கம். இந்த ரெண்டையும் போட்டு அவன் கலக்குவான். நீயும் கூடச் சேந்து கலக்காத.

லாக்கப் பாத்ததும் உனக்கே வேர்த்துச்சுன்னா, அதாவது, வீடு திரும்புற உயரத்த தென்னமரத்துக்குக் கீழ வச்சிட்டு அது நேரா மட்டைக்குள்ள பூந்திருந்துச்சுன்னா, இல்ல இரும்புக் குழாய அடுக்கி வச்ச போர்செட்டு பக்கத்துல நின்னு காம்பஸ் சரி பண்ணியிருந்தன்னா, பேசாம எறக்கைய மாத்திக்கிட்டு வேலையப் பாரு. சண்டைக்குப் போகாத.

இன்னொன்னு கேள்விப்பட்டேன். விழுந்த வண்டியப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ்ல 'என் தப்புதான் நண்பர்களே'ன்னு போட்டியாமே? ஊரே அழுவுற பொம்மையா அனுப்புச்சு. டீலரும் அனுப்பினான். அனுப்பிட்டு அந்த ஸ்டேட்டஸ அப்படியே படம் எடுத்து வச்சுக்கிட்டான். அனுதாபத்துக்கு ஆசப்பட்டவன் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலம்!

ரிமோட்டு உன் கையிலதான இருந்துச்சு? உன் தம்பி கையில இல்லல்ல? 2021 ட்ரோன் விதிப்படி 2 கிலோவுக்கு மேல 25 கிலோ வரைக்கும் சின்ன ட்ரோன். அத ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும். பத்தாவது தேறியிருக்கணும், வயசு 18லேருந்து 65க்குள்ள இருக்கணுமாம். எனக்கு வயசு தாண்டிடுச்சு, இல்லன்னா காட்டியிருப்பேன். பத்தாவது பத்தி நீ கேக்க வேணாம். தம்பி ஓட்டியிருந்தா ஓட்டினான்னு எங்கிட்டயாவது சொல்லிடு. குச்சியப் புடிச்சது யாருன்னு லாக்குல இருக்காதுதான், ஆனா அவனும் ஸ்டேட்டஸ் போடுறவனாச்சே.

இப்ப ஒரு லெட்டர் எழுது. போன்ல கெஞ்சாத, போன்ல பேசினதுக்குச் சாட்சி கெடையாது. முழு லாக்கும் வேணும், எந்த நொடியில என் தப்பு தெரியுதுன்னு காட்டு, கடைசியா அப்டேட் போட்டது என்னிக்கு, அதுல என்ன மாத்தினன்னு கேளு. கழட்டின மோட்டாரத் திருப்பி அனுப்பச் சொல்லு. வந்ததும் அதப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாத. வழக்குன்னு போனா நுகர்வோர் ஆணையமே அத ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். உப்பிப் போன பேட்டரிய மட்டும் நெல்லு மூட்டப் பக்கத்துல வைக்காத, அது எப்ப வேணா பத்திக்கும்.

பதில் வரலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போட்டுச் சொல்லு. அதுலயும் நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. கம்பெனி எந்த ஊர்ல வேணா இருக்கட்டும், 2019 சட்டப்படி நீ குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். வண்டிக்கு நீ கொடுத்தது 5 லட்சத்துக்கு மேல, 10 லட்சத்துக்குள்ள. அதுக்குக் கட்டணம் 200 ரூபா. நீ ஒரு வேளை பிரியாணிக்கு வைக்கிற மொய்யி. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும், அவ்வளவுதான்.

அங்க ஒரு கண்ணி இருக்கு, அதையும் கேட்டுக்க. 'இவரு வியாபாரத்துக்கு வாங்கினாரு, நுகர்வோரே இல்ல'ம்பாரு அவங்க வக்கீலு. சொந்தப் பொழப்புக்குச் சுயதொழிலா ஓட்டுறவன் நுகர்வோர்தான்னு சட்டத்துலயே விளக்கம் இருக்கு, பயப்படாத. ஆனா நீ தங்க எழுத்துல கார்டு அடிச்சு ஊர் பூரா கொடுத்திருக்கியே, 'நிர்வாக இயக்குநர்'னு! அத அந்த வக்கீலு நீட்டினா என்னன்னு சொல்லுவ? உன் கம்பெனில இருக்கறது யாரு? நீ, உன் தம்பி, மருந்து கலக்குற எங்கக்கா. இத அப்படியே ஆணையத்துல சொல்லணும், வெக்கப்படாம. இயக்குநரா இருக்கறதா, நுகர்வோரா இருக்கறதான்னு ராத்திரி உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வா, காலையில லெட்டர எழுதிடுவோம்.