நடக்காத சண்டைக்கு நாட்டாமை

பேராண்டிகளா, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் திண்ணையில ஒக்காந்து ‘முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தா யாரு ஜெயிச்சிருப்பா’ன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துறீங்களே, அத நான் குத்தம் சொல்லவே மாட்டேன். ரொம்ப நல்ல சோலி. மூக்கு உடையாம, டிக்கெட்டுக்குக் காசு அழாம, ஒக்காந்த எடத்துலயே ஹெவிவெயிட் சாம்பியனை உண்டாக்குற வித்தை சும்மாவா? ஆனா செய்யிற சோலியத் திருத்தமாச் செய்யணும்ல? அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பாங்கிறதுக்கும் ஒரு முறை இருக்கப்பு. கிழவன் சொல்லித் தாரேன், காதக் குடுங்க.

மொதப் புத்தி: எப்பவும் செத்துப்போனவன் பக்கம் நில்லு. உசுரோட இருக்கிறவனை நம்புனா அடுத்த வாரமே எவனாவது ஒருத்தன் அவனைச் சாய்ச்சு உன் மானத்தை வாங்கிருவான். டைசனை மலைன்னு நம்பினவன்லாம் 1990 பிப்ரவரியில, டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ் போட்ட போட்டுல வாயடைச்சுப் போனான். ராக்கி மார்சியானோவைப் பாரு. 49 சண்டை, 49 ஜெயிப்பு, அதுல 43 நாக்-அவுட். 1956-ல போதும்னு ஒதுங்கிட்டாரு. அந்தக் கணக்குல இனிமே எமன்கூடக் கைவைக்க முடியாது.

ரெண்டாம் புத்தி: ‘இவன் அவனை அடிச்சான், அவன் இன்னொருத்தனை அடிச்சான், அப்ப இவன் இன்னொருத்தனைக் கட்டாயம் அடிப்பான்’னு கணக்குப் போடு. உனக்குத் தோதான எடம் வந்ததும் நிப்பாட்டிக்கோ. மேல போனா வம்பு. 1971-ல அலியை ஜோ ஃப்ரேசர் தோக்கடிச்சாரு. 1973-ல அந்த ஃப்ரேசரை கிங்ஸ்டன்ல வச்சு ஜார்ஜ் ஃபோர்மன் ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை கீழே தள்ளினாரு. அதே வருஷம் அலியோட தாடையைப் பேத்த கென் நார்ட்டனையும் மறுவருஷம் ரெண்டு ரவுண்டுல முடிச்சாரு. உங்க கணக்குப்படி பாத்தா ஃபோர்மன் முன்னாடி அலி நிக்கவே கூடாது. ஆனா 1974 அக்டோபர்ல கின்ஷாசாவுல எட்டாவது ரவுண்டுல தரையில கெடந்தது ஃபோர்மன்தான். நெசமா நடந்த சண்டையிலயே கணக்கு இப்படிக் குப்புற விழுந்துச்சுன்னா, நடக்காத சண்டையில அது என்னத்தக் கிழிக்கும்? அதனால எதிராளி கணக்குப் போட்டா ‘கின்ஷாசா’ன்னு சொல்லி அவன் வாயை அடை. நீ போடுறப்ப அப்படி ஒரு ஊரு இருக்கிறதையே மறந்துரு.

மூணாம் புத்தி: தோக்கப்போறோம்னு தெரிஞ்சா, ‘எந்த வருஷத்து ரூலுப்பா?’ன்னு கேளு. அதுக்குப் பொறவு பேச்சு பொழுது விடிஞ்சாலும் முடியாது. 1919-ல டொலிடோவுல ஜாக் டெம்ப்சி, ஆறரை அடி ஜெஸ் வில்லர்டை மொத ரவுண்டுலயே ஏழு தடவை வீழ்த்தினாரு. விழுந்தவரு எந்திரிக்கிற வரைக்கும் தலைமாட்டுலயே நின்னு, நிமிந்ததும் மறுபடி குத்தலாம், அன்னைக்கு அதுக்குத் தடையில்லை. எட்டு வருஷம் கழிச்சு சிகாகோவுல ஜீன் டன்னியைக் கீழே தள்ளிட்டுப் பழைய வழக்கத்துலயே பக்கத்துல நின்னாரு. ‘நீ தூரத்து மூலைக்குப் போனாத்தான் எண்ணுவேன்’னுட்டாரு நடுவர். அந்த இழுபறியில டன்னிக்குக் கிட்டத்தட்ட பதினாலு செகண்டு கெடைச்சது. எந்திரிச்சு வந்து சண்டையவே ஜெயிச்சிட்டாரு. கையும் குத்தும் அதேதான், ரூலுதான் மாறிப்போச்சு.

இந்தப் புத்தி உங்க தலையிலயே விடியும், சூதானமா இருங்க. மார்சியானோ 1952-ல ஜெர்சி ஜோ வால்காட் கிட்ட இருந்து பட்டத்தைப் பறிச்சது பதிமூணாவது ரவுண்டுல. அதுவரைக்கும் பாயின்ட்ல பின்னாடிதான் இருந்தாரு. இன்னைக்கு மாதிரி பன்னெண்டு ரவுண்டோட மணி அடிச்சிருந்தா அந்த 49-க்கு 49 என்ன ஆயிருக்கும்? நான் எதுவும் சொல்லல. செத்தவன் பக்கம் நில்லுன்னு மொதல்ல சொன்னதும் நான்தானே.

நாலாம் புத்தி: ரொம்ப முத்திப்போச்சுன்னா மிஷினைக் கூப்பிடு. இத உங்களுக்கு முன்னாடியே ஒருத்தரு செஞ்சு காசு பாத்துட்டாரு. மியாமியில முர்ரி வொரோனர்னு ஒரு ரேடியோ தயாரிப்பாளர். 1967-ல பழைய சாம்பியன், புது சாம்பியன் எல்லாரையும் கம்ப்யூட்டருக்குள்ள இறக்கி ரேடியோவுல பந்தயம் நடத்தினாரு. அதுல அலி, ஜிம் ஜெஃப்ரிஸ்கிட்ட தோத்துட்டதா மிஷின் சொல்லிருச்சு. வியட்நாம் யுத்தத்துக்குப் பட்டாளத்துல சேர மாட்டேன்னு சொன்னதுக்காக அப்பத்தான் அலியோட பட்டத்தையும் லைசென்ஸையும் பிடுங்கி வச்சிருந்தாங்க. நெசச் சண்டையும் போடக்கூடாது, பொய்ச் சண்டையிலயும் தோக்கணுமா? பேரு கெட்டுப்போச்சுன்னு பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டாரு. கடைசியில ராசியாகி, 1969-ல மார்சியானோ கூட கேமரா முன்னாடி குத்துச்சண்டை நடிக்க ஒத்துக்கிட்டாரு.

அந்தக் கூத்தைக் கேளுங்க. சண்டையை விட்டுப் பதிமூணு வருஷமான மார்சியானோ, அதுக்குன்னு பட்டினி கெடந்து ஒடம்பை எளைச்சு, வழுக்கை தெரியாம இருக்க விக் வச்சுக்கிட்டு வந்தாரு. ரத்தத்துக்குத் தக்காளி சாஸ். ஒரு நிமிசம் ஒரு நிமிசமா எழுபது ரவுண்டு போல எடுத்தாங்க. இவரு விழுற மாதிரி ஒண்ணு, அவரு விழுற மாதிரி ஒண்ணுன்னு முடிவையும் தினுசு தினுசா எடுத்து வச்சுக்கிட்டாங்க. எந்த முடிவுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. படம் வரும் முன்னாடியே, 1969 ஆகஸ்ட் 31-ல மார்சியானோ விமான விபத்துல போய்ச் சேந்துட்டாரு. மறுநாள் அவருக்கு 46-வது பொறந்தநாள்.

1970 ஜனவரி 20. அந்த ஒரு ராத்திரிக்குன்னே ஆயிரத்துக்கும் மேல தியேட்டர்ல போட்டாங்க. பதிமூணாவது ரவுண்டுல மார்சியானோ நாக்-அவுட்டுல ஜெயிச்சாரு. ‘அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவுல செஞ்சிருப்பாங்க’ன்னு அலி நக்கலடிச்சாரு. நிறவெறிக்குப் பேர்போன மாநிலமாச்சே. அதைவிட வேடிக்கை, கடலைத் தாண்டி ஐரோப்பாவுல சில எடத்துல காட்டின படத்துல அலி ஜெயிச்சிட்டாரு. கேக்குறவன் கேனையன்னா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. இங்க ஊருக்கு ஒரு நெய் வடிஞ்சிருக்கு.

சரி, கிண்டல் போதும். இப்பக் கொஞ்சம் வெவரமாப் பேசுவோம். மோதாத சண்டை ரெண்டு தினுசு. மார்சியானோ ஓய்வு பெத்தப்ப அலிக்கு வயசு 14. காலம் குறுக்க நின்னுச்சு, யாரை நொந்துக்கிறது? அத வச்சு எவ்வளவு வேணாலும் பேசுங்க. ஆனா ஒரே காலத்துல, கைக்கெட்டுற தூரத்துல இருந்தும் மோதாம போனவங்க இருக்காங்களே, அங்கதான் உங்க திண்ணைக் கச்சேரி தடம் மாறிப்போகுது.

ஹாரி வில்ஸ்னு ஒரு கறுப்பின வீரர். சாம் லாங்ஃபோர்டுன்னு இன்னொரு கறுப்பின வீரர். இவங்களுக்கு ஈடான வெள்ளைக்கார வீரர்கள் பலரு இவங்க பக்கமே வர மாட்டாங்க. அதனால இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரே பதினைஞ்சு தடவைக்கு மேல அடிச்சுக்கிட்டாங்க. வில்ஸ் வருஷத்துல ஒரு மாசம் தண்ணியை மட்டும் குடிச்சு விரதம் இருப்பாரு. பசியைத் தாங்கினவரு, சாம்பியன் டெம்ப்சிக்காகவும் காத்துக் கெடந்தாரு. 1922-ல ஒப்பந்தம் போட்டாங்க, சண்டை நடக்கல. 1925-ல மறுபடி கையெழுத்து. வில்ஸுக்கு 50,000 டாலர் முன்பணம் வந்துச்சு, டெம்ப்சிக்குக் குடுத்த செக் பேங்க்ல இருந்து திரும்பிருச்சு. அதுவும் நடக்கல.

ஏன்? டெம்ப்சியோட சண்டைகளை நடத்தின டெக்ஸ் ரிக்கார்டுதான், 1910-ல ரெனோவுல ஜாக் ஜான்சன், ஜெஃப்ரிஸ் சண்டையையும் நடத்தினவரு. நடுவரும் அவரேதான். கறுப்பரான ஜான்சன் ஜெயிச்சதுக்காக அன்னைக்கு ராத்திரி அமெரிக்காவுல ஊரு ஊரா கலவரம், பல உசுரு போச்சு. அதை மறக்காத ரிக்கார்டு, பட்டத்துக்கு இனிமே அப்படி ஒரு சண்டை வேண்டாம்னு இருந்துட்டாரு. 1923 செப்டம்பர்ல ஃபிர்போங்கிற வீரரை அடிச்ச பொறவு மூணு வருஷம் டெம்ப்சி பட்டத்துக்குச் சண்டையே போடல. 1915-ல ஜான்சன் பட்டத்தை விட்டதுல இருந்து 1937-ல ஜோ லூயிஸ் ஜெயிக்கிற வரைக்கும், 22 வருஷம், எந்தக் கறுப்பின வீரருக்கும் அந்தக் கதவு தெறக்கல.

ஜான்சன் மட்டும் ஒழுங்கான்னு கேப்பீங்க. நல்லாக் கேளுங்க. 1906-ல லாங்ஃபோர்டை ஜெயிச்சவரு, தான் சாம்பியன் ஆனதும் அவருக்கு ஒரு வாய்ப்புக்கூடக் குடுக்கல. ரெண்டு கறுப்பர் மோதினா டிக்கெட் விக்காதாம். நாற்காலி கெடைச்சவன் எந்த நெறமா இருந்தாலும், பக்கத்துல நாற்காலி போட விட மாட்டான்.

அலியும் கியூபாவோட குத்துச்சண்டை வீரர் தியோஃபிலோ ஸ்டீவன்சனும் ஒரே காலத்துல இருந்தும் மோதாம போனவங்கதான். ஸ்டீவன்சன் 1972, 1976, 1980-னு மூணு ஒலிம்பிக் தங்கம். அப்ப கியூபாவுல காசுக்கு விளையாடவே தடை இருந்துச்சு. அமெரிக்காக்காரன் லட்சக்கணக்கான டாலரைக் காட்டியும் மனுசன் அசையல. ரெண்டு அரசாங்கத்துக்கும் நடுவுல அந்தச் சண்டை சிக்கிச் செத்துச்சு. 1996-ல மருந்து உதவியோட அலி ஹவானாவுக்குப் போனப்ப ரெண்டு பேரும் சந்திச்சாங்க. அதுக்குள்ள அலிக்குப் பார்க்கின்சன் நோய் வந்து பல வருஷம் ஆகியிருந்துச்சு.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில ரிடிக் போவை ரெண்டாவது ரவுண்டுல லெனக்ஸ் லூயிஸ் முடிச்சாரு. 1992-ல போவ் சாம்பியன். லூயிஸோட மோதுன்னு டபிள்யூபிசிங்கிற குத்துச்சண்டைச் சங்கம் சொன்னதும், லண்டன்ல பத்திரிகைக்காரங்க முன்னாடி அவங்க பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டாரு. தொழில்முறையில ரெண்டு பேரும் மோதவே இல்ல. நீங்க ‘போவ் ஜெயிச்சிருப்பாரு’ன்னு சொல்லுங்க, நான் மறுக்கல. குப்பைத் தொட்டியில பெல்ட்டைப் போட்டவரு யாருங்கிறதை மட்டும் சேத்துச் சொல்லுங்க.

நியாயமாத் தடுத்த சண்டை எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். உக்ரைன்ல விட்டாலி, விளாதிமிர்னு கிளிச்கோ அண்ணந்தம்பி. 2011-ல ஹெவிவெயிட்டோட பெரிய பட்டம் அத்தனையும் இந்த ரெண்டு பேரு கையிலதான். எத்தனை கோடி கொட்டினாலும் ஒருத்தரோட ஒருத்தர் மோத மாட்டோம்னு பெத்த தாய்க்கு வாக்குக் குடுத்திருந்தாங்க, காப்பாத்துனாங்க. அந்தம்மா போட்ட தடையில யாருக்கும் பத்து பைசா லாபமில்ல.

அதனால, பேராண்டிகளா, ‘யாரு ஜெயிச்சிருப்பா’ன்னு தொடங்குறதுக்கு முன்னாடி, ‘யாரு தடுத்தா, தடுத்ததுல எவன் பை நெறைஞ்சுது’ன்னு ஒரு கேள்வியைப் போடுங்க. டெம்ப்சியா, வில்ஸான்னு என்னைக் கேட்டா, குத்துல யாரு மேலன்னு தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்ல. ஏழு வருஷம் பட்டத்தை வச்சிருந்தவரு பூட்டி வச்சாரு, ‘வா’ன்னு கூப்பிட்டவரு வெளியிலயே நின்னாரு. பாயின்ட் போடுற சீட்டு என் கையில இருந்தா அந்த ரவுண்டை வில்ஸுக்குத்தான் போடுவேன்.