உலகில் ஜெர்மன் தெரியாத ஒரே ஆள்: மொழிமாற்றுத் தொலைக்காட்சி குறித்த ஓர் ஆய்வு

ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த தமிழன் சாயங்காலம் டிவியைப் போட்டதும் தெரிந்துகொள்வது இதுதான்: உலகத்தில் எல்லாருக்கும் ஜெர்மன் தெரியும், அவனைத் தவிர. டெக்சாஸ் மாட்டுக்காரன், டோக்கியோ ரவுடி, வேற்றுக்கிரகவாசி என ஒருவர் பாக்கியில்லாமல் இலக்கண சுத்தமாகப் பொழிகிறார்கள். இந்த அநியாயத்தின் வேரைத் தேடுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம், ஒரு பழைய சோபா. ஆய்வுக்கருவி, பேட்டரி மூடி தொலைந்த ரிமோட்.

இந்த மொழிமாற்றுக் கலைக்கு முன்னோடி நம்மிடமே உண்டு. மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, அவன் மாடுகள் கதறுவதைப் பொறுக்காத சித்தர் அவன் உடலில் புகுந்து திருமூலர் ஆனார் என்பது மரபு. இந்தக் கூடுவிட்டுக் கூடு பாய்தலைத்தான் பெர்லினிலும் மியூனிக்கிலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்குச் செய்கிறார்கள். ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோவுக்குள் பல்லாண்டாகக் குடியிருந்தவர் கிறிஸ்டியன் புருக்னர். தாமஸ் டானெபெர்க்கோ சித்தர்களையே தாண்டிவிட்டார். ஸ்டாலோன், ஷ்வார்ஸ்னெகர் இருவருக்கும் அவரே குரலாக இருந்தார். 2010இல் ‘தி எக்ஸ்பென்டபிள்ஸ்’ படத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்று குத்தலாகப் பேசிக்கொண்டபோது, ஒரே மனிதர் தன்னையே வம்புக்கிழுத்தார். திருமூலரே ஒரு நேரத்தில் ஓர் உடல்தான்!

இதில் ஷ்வார்ஸ்னெகரின் கதை தனி. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்துப் பக்கம் தால் என்ற கிராமத்தில் பிறந்தவர், தாய்மொழியே ஜெர்மன். அவருக்கும் இரவல் குரல். அவருடைய பேச்சில் ஊர்வாடை வீசும், எதிர்காலத்திலிருந்து வரும் கொலை இயந்திரத்துக்கு அது பொருந்தாது என்று காரணம் சொல்வார்கள். இங்கிருந்து பிறப்பதே நமது ‘உச்சரிப்புப் பிழையின் அழியாமை விதி’: திரையிலுள்ள அயலானின் நாக்கிலிருந்து வழித்தெடுத்த பிழையெல்லாம் எங்கும் போய்விடுவதில்லை; சோபாவில் உட்கார்ந்திருக்கும் அயலானின் நாக்கில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

விதியைச் சோதிக்க நல்ல வாய்ப்பு 2004இல் அமைந்தது. ஆர்டிஎல் 2 சேனலில் ‘கபி குஷி கபி கம்’ என்ற இந்திப் படம் ஜெர்மனில் வந்தது. அமிதாப் பச்சன் மகனை வீட்டைவிட்டு விரட்டுவதைக்கூட வேற்றுமை உருபு பிசகாமல் செய்தார். ஷாருக் கான் ஜெர்மனில் கண்கலங்கினார். பாட்டு வந்ததும் இந்திக்குத் தாவினார். பாட்டு முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஜெர்மன். பின்னணிப் பாடகர்களோடு வளர்ந்த நமக்கு இதில் அதிசயமில்லை. நம்மை உறுத்தியது வேறு: இந்தியர்களே இப்படிப் பேசும்போது உனக்கு மட்டும் என்ன கேடு?

உதட்டைக் கவனிப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். ப, ம போன்ற ஒலிகளில் வாய் மூடியாக வேண்டும் என்பதால், வசனம் எழுதுபவர் அந்த இடங்களில் பாடுபட்டுச் சொல் தேடுகிறார். அப்படியும் சில வேளை நடிகர் வாயை மூடிய பிறகு வினைச்சொல் நிதானமாக வந்து சேரும். கடைசிவரை வினைமுற்றுக்குக் காத்திருந்தே பழகிய தமிழனுக்கு இது ஒரு பொருட்டல்ல.

எதிர்வாதம் ஒன்று உண்டு. ‘டின்னர் ஃபார் ஒன்’ என்ற குறுநாடகத்தை 1963இல் ஜெர்மனியின் என்டிஆர் தொலைக்காட்சி நிலையம் ஆங்கிலத்திலேயே பதிவுசெய்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று தேசமே அதை மொழிமாற்றாமல் பார்த்துச் சிரிக்கிறது. அதில் ஒரு சீமாட்டியின் இறந்துபோன நான்கு நண்பர்களுக்காகவும் சேர்த்துக் குடித்துவிட்டு, புலித்தோலில் தடுக்கித் தடுக்கி விழுகிறார் பணியாளர். ஆழ்ந்து பார்த்தால் இதுவும் நம் விதிக்கே வலுச்சேர்க்கிறது. அயலான் அயலானாகவே பேசலாம், நாக்குக் குழறலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருநாள்தான், அதுவும் போதையில்.

பயன்பாட்டு ஆய்வில் ஒரேயொரு முடிவு தேறியது. நம்மூர்த் தம்பி ஒருவன் முழு ஜெர்மனையும் தொலைக்காட்சித் தொடரில் துப்பறியும் கொலம்போவிடமே பயின்றவன். குழாய் ஒழுகுகிறது என்று சொல்லத் தெரியாது. கொலை நடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று அழகாகக் கேட்பான். ஓர் அலுவலகத்தில் அவனுடைய விண்ணப்பம் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தது. ஒருநாள் பணிவாக விடைபெற்றுக் கதவுவரை போனவன், கொலம்போ பாணியிலேயே நின்று, நெற்றியைச் சொறிந்துகொண்டு திரும்பி, இன்னும் ஒரே ஒரு விஷயம் இருக்கிறதே என்று இழுத்தான். கவுன்டரில் இருந்த அம்மாள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து கோப்பைத் தேட ஆரம்பித்தார்.