மாமா, சாவி!

எண்பதுகளின் தொடக்கத்தில் நங்கநல்லூரில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "ஒண்ணும் இல்லை" என்பேன். அதுவும், எழும்பூரிலோ மவுண்ட் ரோட்டிலோ பிறந்திருக்க வேண்டியவன் ஏதோ கணக்குப் பிசகால் இங்கே வந்து விழுந்துவிட்ட தோரணையில். பழவந்தாங்கலில் மீட்டர் கேஜ் மின்ரயில் ஏறினால் அரை மணியில் எழும்பூர், அங்கேதான் வாழ்க்கை நடக்கிறது, இங்கே கோயில்களும் காலி மனைகளும் அவற்றில் மேயும் எருமைகளும்தான் என்பது என் பத்தொன்பது வயதுத் தீர்ப்பு.

அந்த ஒன்றுமில்லாத ஊரில் சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போவோம். தண்ணீர் தெளித்துச் சூடு அடங்கியதும் அப்பாவும் மாடி போர்ஷன் மாமாவும் பாயை விரிப்பார்கள். மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் எங்கள் தென்னையின் கொண்டையைக் கலைத்துவிடும் போலத் தாழ்ந்து வரும். அது பம்பாயா, கொழும்பா, சிங்கப்பூரா என்று சண்டை தொடங்கும். மாமா தபால் இலாகாவில் ஏர்மெயில் பை பிரித்தவர் என்ற தகுதியில், சத்தத்தை வைத்தே ஊரைச் சொல்வார். சரிபார்க்க வழியே கிடையாது. அதனால் அந்த மாடியில் யாரும் தோற்றதில்லை.

அதே விமானத்தை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சபிப்போம். தெருவில் டிவி இருந்த மூன்று வீடுகளில் ஒன்றில், ஜன்னல் கம்பி வரை ஆள் நிறைந்து 'ஒளியும் ஒலியும்' ஓடிக்கொண்டிருக்கும்; மேலே விமானம் கடந்ததும் கதாநாயகி இரண்டாகி, நடுங்கி, மறுபடி ஒன்றாவதற்குள் பாட்டு முடிந்துவிடும். திரும்பும்போது செருப்பு மாறியிருக்கும். சனிக்கிழமை காலையில் அதை மாற்றிக்கொள்ளப் போகிற வீட்டில் காபி உண்டு என்பதால், சில செருப்புகள் வேண்டுமென்றேதான் மாறின என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1995-இல் முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயர் வந்தார். ஒண்ணும் இல்லாத ஊர் என்று சொல்லித் திரிந்தவன், ஆபீசில் வழி கேட்டவர்களிடமெல்லாம் அவரையே அடையாளம் சொல்ல ஆரம்பித்தேன். ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் என்றபோது, அப்பா பணத்தைக் கட்டிவிட்டு, இனி செப்டிக் டாங்க் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் அறிவித்தார். 2011-இல் அந்த நகராட்சியே சென்னை மாநகராட்சிக்குள் போயிற்று. நகரத்துக்குப் போக வேண்டும் என்று நான் அத்தனை வருஷம் ஏங்கியதற்கு, நகரமே என்னைத் தேடி வந்து, எங்கள் கேட்டை மறித்துக் காரை நிறுத்தியது. 2016-இல் மெட்ரோவும் வந்தது. ஸ்டேஷன் பெயரில் 'நங்கநல்லூர் ரோடு' உண்டு; ஆனால் அது ஜி.எஸ்.டி. ரோட்டில் இருப்பதால், நங்கநல்லூரிலிருந்து அங்கே போக ஆட்டோ வேண்டும். நல்ல மழை பெய்தால் பழவந்தாங்கல் சப்வே மட்டும் பழைய கொள்கை மாறாமல் மூழ்கி நிற்கும்; அதைப் பார்க்க இன்றும் கூட்டம் கூடுகிறது, டிக்கெட் கிடையாது.

எங்கள் வீடு பன்னிரண்டு கதவுள்ள ஃபிளாட் ஆகிவிட்டது. லீவுக்கு வந்த பேரன் போன வாரம் கேட்டான்: "தாத்தா, இங்கே பண்றதுக்கு என்ன இருக்கு?" அலுப்பு, தோரணை எல்லாம் அப்படியே என்னுடையது. வாயில் வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, அசோசியேஷன் செகரட்டரி வீட்டுக்குப் போய், மாடிக்குப் போவதற்கான காரணத்தைச் சொல்லி (விமானம் பார்க்க என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வடாம் என்றேன்) சாவி வாங்கி வந்தேன்.

சோலார் பலகைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில், இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம். அதிக நேரம் காத்திருக்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, பரங்கிமலைப் பக்கமிருந்து தாழ்ந்து வந்தது.

"எந்த ஊர்லேர்ந்து வருது, சொல்லு பார்ப்போம்" என்றேன். அவன் யோசிக்கட்டும் என்று விடாமல், மாமாவைப் போலக் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டு, "கொழும்பு" என்றும் சொல்லிவிட்டேன்.

அவன் செல்போனை வானத்துக்குக் காட்டினான். "கோயம்புத்தூர், தாத்தா. இருபது நிமிஷம் லேட்."

நாற்பது வருஷத்தில் அந்த மாடியில் முதல் தோல்வி. "கொழும்பு வழியாகவும் வந்திருக்கலாம்" என்று நான் வாதத்தைத் தொடங்குவதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது: "மாமா, சாவி!"