மூடாத சாக்கெட்

2008இல் சென்னையில் ஒரு சின்ன அலுவலகத்தில் ஜாவா 6இல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் சர்வர் மூன்று நாளைக்கு ஒருமுறை நின்றுபோகும். லாகில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’. ரீஸ்டார்ட் செய்தால் ஓடும் என்பதால் யாரும் காரணம் தேடவில்லை.

ஓர் இரவு நெட்ஸ்டாட் போட்டுப் பார்த்தேன். திரை முழுக்க ‘க்ளோஸ் வெயிட்’. எதிர்முனை முடித்துக்கொண்டு போய்விட்டது, நம் புரோகிராம்தான் இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். ‘டைம் வெயிட்’ என்றால் லினக்ஸ் 60 விநாடியில் தானே துடைத்துவிடும். இது நாம் மூடும்வரை கிடக்கும். ஒரு புரோகிராமுக்கு வழக்கமான வரம்பு 1024 ஃபைல். சாக்கெட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

க்ளோஸ் இருந்தது, ஆனால் ட்ரையின் கடைசி வரியில். படிக்கும்போது எக்செப்ஷன் வந்தால் அந்த வரிக்கு வேலையே இல்லை. ஃபைனலிக்கு மாற்றினேன். அங்கே முதல் ஸ்ட்ரீமை மூடும்போதே எக்செப்ஷன் வந்தால் அடுத்தது மூடாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மெத்தட் எழுதினால், ஸ்ட்ரீமை ஏற்ற கம்பைலர் சாக்கெட்டை ஏற்கவில்லை. ஜாவா 6இல் சாக்கெட்டுக்கு க்ளோஸ் மெத்தட் உண்டு. ‘க்ளோசபிள்’ குடும்பத்தில் மட்டும் இடமில்லை. சாக்கெட்டுக்கென்று இன்னொரு மெத்தட் எழுதினேன்.

2011 ஜூலையில் ஜாவா 7 வந்ததும் சாக்கெட் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. ட்ரைக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் திறந்தால், மூடுவதை மொழியே பார்த்துக்கொண்டது. மூடும்போது வரும் எக்செப்ஷன் அசல் பிழையை விழுங்குவதும் நின்றது. அந்த இரண்டு மெத்தட்களையும் அழித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அண்மையில் டீமில் ஒரு பெண் வந்து, “அண்ணா, என் மெஷின்ல ஓடுது, பில்ட் சர்வர்ல கம்பைலே ஆகல” என்றாள். ட்ரையின் அடைப்புக்குறிக்குள் ‘எச்டிடிபி கிளையன்ட்’. அவள் மெஷினில் ஜாவா 21, சர்வரில் 17. அந்த கிளாஸ் 2018இலேயே ஜாவா 11இல் வந்துவிட்டது. அதற்கு க்ளோஸ் கிடைத்தது 2023இல், 21இல்தான். பழைய சாக்கெட் கதையேதான். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாக ஒன்று திறந்தால், 17இல் கார்பேஜ் கலெக்டர் வரும்வரை அதன் த்ரெட் உயிரோடு இருக்கும். எனவே தொடக்கத்தில் ஒரே கிளையன்ட்டைத் திறந்து எல்லோருக்கும் பகிர்ந்தோம்.

ட்ரை எழுதும் முன், அந்த க்ளோஸ் மெத்தடின் கீழே ஆவணத்தில் ‘சின்ஸ்’ என்று எந்தப் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கோட் ஓடப்போகும் ஆகப் பழைய சர்வரில் எந்த ஜாவா இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.