நெய் பிஸ்கட் ஏடு: மூலமும் உரையும்

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பது மரபு. எங்கள் குடும்பத்து நெய் பிஸ்கட் குறிப்புக்கு அதைவிடக் கூடுதல். குறளின் உரைகாரர்கள் ஒருவரை ஒருவர் மறுத்தது ஏட்டில். நம்மவர்கள் எல்லாரும் உயிரோடு, ஒரே கல்யாணப் பந்தியில் அருகருகே உட்காருகிறார்கள். இவ்வுரைப் பூசல்களைத் தமிழாய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாதது பெருங்குறை. அதை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூலம். ஏடு என்று இங்கே குறிப்பது ஓர் உரக்கடை இலவசமாகக் கொடுத்த பழைய டைரி. அதில் பால் கணக்குக்கும் சீட்டுக் கணக்குக்கும் நடுவே ஆச்சியின் கையெழுத்தில் ஐந்தே வரி: மைதா 2 டம்ளர், பொடித்த சீனி 1 டம்ளர், நெய், ஏலம், ஒரு சிட்டிகை சோடா, பதமாகப் பிசைந்து பதமாகச் சுடவும். நூற்பா சுருக்கமாக இருக்க வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. ஆச்சி அந்த விதியைத் தாண்டியே போய்விட்டாள். நெய்யின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நெய்க்கறை. சுவடிகளைச் செல் அரிக்கும். இந்தச் சுவடியை அரித்திருப்பது ஆய்வுப் பொருளேதான்.

படியெடுத்தவர்களிடம் போனால் பாடபேதம். பெரியம்மா பிரதியில் ‘நெய் 1 டம்ளர் விட்டு’ என்றிருக்கிறது. சித்தி பிரதியில் ‘நெய் 1 டம்ளர் போட்டு’. அளவில் சண்டை இல்லை. ஆனால் விடுவது உருகிய நெய், போடுவது உறைந்த நெய். உறைந்த நெய்யைச் சீனியோடு சேர்த்துக் கையால் தேய்த்தால் அது வெளுத்துக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பிஸ்கட் வைத்த இடத்தில் நின்று, வாயில் போட்டதும் உதிரும். உருகிய நெய்யோ மாவைத் தளர்த்திவிடும். சூடு ஏறியதும் பிஸ்கட் தட்டெங்கும் படர்ந்து பக்கத்துப் பிஸ்கட்டோடு உறவு கொண்டாடும். ஆக, ஒரு வினைச்சொல்லில் இரு குடும்பங்களின் மானம் தொங்குகிறது.

என் முடிபு இது. ஆச்சி பிஸ்கட் சுட்டது அரையாண்டு லீவில், மார்கழிக் குளிரில். நெய் தானாகவே உறைந்திருக்கும். சித்தி பக்கத்தில் நின்று பார்த்து எழுதினாள். பெரியம்மா ஊருக்கு வந்தது சித்திரையில். பாளையங்கோட்டை வெயிலில் நெய் எப்படி உறையும்? இருவரும் கண்டதைத்தான் எழுதினார்கள், இரண்டும் மெய்ப்பாடமே. இந்த முடிபை இரு தரப்பும் நிராகரித்துவிட்டன. வெனிலா எசென்ஸ் பற்றிய வரி மட்டும் சென்னைக்குக் குடிபோன மாமியின் இடைச்செருகல் என்பதில் அனைவருக்கும் உடன்பாடு, மாமி நீங்கலாக.

அடுத்தது டம்ளர். கிலோகிராமுக்கு 1889 முதல் 2019 வரை பாரிஸ் அருகே பூட்டி வைத்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் உலகத்துக்கே ஆதாரம். நம் நாட்டில் 1956-இல் சட்டம் வந்து, படியும் உழக்கும் ஆழாக்கும் மெல்லக் கடைத்தெருவை விட்டுப் போயின. அந்தச் சட்டம் எங்கள் அடுப்படி வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே செல்லுபடியாவது ஆச்சியின் டம்ளர் ஒன்றே: இடுப்பில் ஒரு நெளிசல், அடியில் பெயர் வெட்டியது. ஒரே டம்ளரால் எல்லாவற்றையும் அளந்தால் நெளிசல் ஒரு பொருட்டில்லை, விகிதம் மாறாது என்று வாதிடலாம். ஆனால் சிட்டிகைக்கு நெளிசல் கிடையாது; டம்ளர் பெருத்தால் சோடா போதாமல் போகும். இதை உரைகாரர் ஒருவரும் கவனிக்கவில்லை.

சுடும் முறைக்கு அதிக இடம் வேண்டாம். குக்கரின் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, மேலே தட்டு. புதியவர்கள் தோற்பது கடைசி நிமிடத்தில். சூட்டில் தொட்டால் பிஸ்கட் அமுங்கும். வேகவில்லை என்று நினைத்து விட்டுவைத்தால் அடி கருகிவிடும். ஆறினால்தான் அது மொறுமொறுக்கும். ஆச்சி சொன்ன ‘பதம்’ இதுதான் என்று தோன்றுகிறது.

பகிர்வுக்கும் இலக்கணம் உண்டு. முழுசாகவும் பொன்னிறமாகவும் வந்தவை சம்பந்தி வீட்டுக்கு, முழுசு, ஆனால் சற்று வெளுத்தவை அக்கம்பக்கத்துக்கு, அடி கருகியவை வீட்டு ஆண்களுக்கு, உடைந்தவை குழந்தைகளுக்கு. உடைந்தது தங்களுக்கே என்று தெரிந்த குழந்தைகள் நடமாடும் வீட்டில் உடைசல் கூடுதலாக இருப்பதைத் தற்செயல் என்று கொள்ள ஆதாரம் இல்லை. கொடுத்த எவர்சில்வர் டப்பா காலியாகத் திரும்புவதும் வழக்கமில்லை. ஒரு தடவை தூத்துக்குடி மக்ரூன் வந்தது; கடையில் வாங்கியது என்பதால் பதில் பலகாரமாக ஆச்சி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தின்றாள்.

பக்கத்து வீட்டார் செய்முறை கேட்டால் மறைக்காமல் சொல்வது எங்கள் மரபு. டம்ளரைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த டம்ளர் இப்போது சின்ன அத்தை வீட்டில், போன் மேசை மேல், பேனாக்களைத் தாங்கி நிற்கிறது. கேட்டால் தரமாட்டாள். அந்தப் பக்கம் போகும் ஆய்வாளர்கள் பேனாக்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அதில் எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து எழுதி அனுப்ப வேண்டுகிறேன். அத்தை மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை தூங்குவாள்.